கடைசியில் சுறா வரும்

எங்கள் வீட்டில் யாரும் எதையும் எடுத்த எடுப்பில் நம்பியதில்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் அப்பா அதைத் தன் சொந்தத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான், கொண்டுவந்தவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொல்வார். அம்மா, பால்காரரின் கண்முன்னாலேயே ஒரு சொட்டுப் பாலைக் கட்டைவிரல் நகத்தில் விட்டு, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பாள். எங்களோடு இருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இவர்கள் இருவருக்கும் ஒரு படி மேலே. சமயநல்லூர் என்று பலகை மாட்டிய பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும், “அண்ணே, இது சமயநல்லூர் போகும்ல?” என்று டிரைவரிடம் கேட்பார், கண்டக்டரிடம் கேட்பார், பக்கத்து சீட்டுக்காரரிடமும் கேட்பார். எல்லாரும் போகும் என்று சொல்லிவிட்டால், “என்னடா இது, சொல்லிவச்ச மாதிரி ஒரே பதிலச் சொல்றாய்ங்க” என்று அதற்கும் முகம் சுருங்கும்.

இந்த வம்சத்தில் வந்தவன் நான். வகுப்பில் யாராவது பிறந்தநாள் மிட்டாய் கொடுத்தால் பிரித்து, மோந்து, பக்கத்துப் பையன் தின்றுவிட்டு உயிரோடு இருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவேன். அதற்குள் அதை வேறு யாராவது பிடுங்கித் தின்றிருப்பார்கள். உஷாராக இருந்தே நான் இழந்த மிட்டாய்கள் ஏராளம்.

அப்படிப்பட்ட எனக்கும் ஒரு கூட்டாளி வாய்த்தான். கிரி என்று பெயர். வீடு வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில். அவன் அப்பா, துணியில் நூல் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்தார். சௌராஷ்டிரக் குடும்பம் என்பதால் வீட்டுக்குள் அவர்கள் பேசுவது ஒரு எழுத்தும் எனக்குப் புரியாது. நானோ ஊருக்கு அந்தக் கோடியில், சமயநல்லூரில் இருந்து பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் வருகிறவன். ஏழாம் வகுப்பில் எங்களைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தது ஆசிரியர். பிரிக்க முடியாமல் ஒட்டவைத்தது ஒரு டப்பிங் படம்.

சனிக்கிழமை மத்தியானம் வேறு ஒன்றும் கிடைக்காவிட்டால் டிவியில் அந்தப் படத்தைத்தான் போடுவார்கள். அநேகமாக எல்லாச் சனிக்கிழமையும் அவர்களுக்கு வேறு ஒன்றும் கிடைக்காது. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடற்கரை. இரண்டு நண்பர்கள். ஒருவனுக்குத் தலை மஞ்சள், இன்னொருவனுக்குச் சுருட்டை. காலில் கயிற்றைக் கட்டி, கயிற்றின் மறுமுனையைப் பலகையில் கட்டி, அலையின் மேல் ஏறி நின்று சறுக்குவதைத் தவிர இருவருக்கும் வேலை வெட்டி கிடையாது. சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள் என்று படம் சொல்லவே இல்லை. எங்களுக்கும் அது தேவைப்படவில்லை. அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. ஒரு அலைக்கு ஒரு ஆள். நல்ல அலை எழும்போது ஒருவன் பலகையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, “இது உன் அலை, நண்பா” என்று மற்றவனுக்கு விட்டுக்கொடுப்பான். இதைச் சொன்ன குரல், சோப்பு விளம்பரத்தில் கறை போய்விட்டது என்று வியக்கும் அதே குரல்தான். ஆனாலும் எங்களுக்குப் புல்லரிக்கும்.

கடல் என்றால் ராமேஸ்வரத்தில் காசிக்குப் போனவர்கள் குளிப்பது என்ற அளவில் மட்டும் தெரிந்த நாங்கள், அந்தச் சட்டத்தை மதுரைக்குக் கொண்டுவந்தோம். டிபன் பாக்ஸில் கடைசி வடை மிஞ்சினால், “இது உன் அலை மாப்ள.” கணக்கு வாத்தியார் பிரம்பை எடுத்தால், “இது உன் அலை மாப்ள, நீ முன்னாடி போ.” சட்டம் நன்றாகவே வேலை செய்தது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், கரண்டில் வந்தது. ஊரெல்லாம் பகுதி பகுதியாக மின்வெட்டு அமலில் இருந்த காலம் அது. எங்கள் பகுதிக்கு ஒரு நேரம், கிரியின் பகுதிக்கு இன்னொரு நேரம். படம் எப்படித் தவறாமல் வருமோ, அப்படியே மின்வெட்டும் எங்கள் வீட்டில் தவறாமல் வரும். அதுவும் எந்த இடத்தில்? பெரிய அலை வரப்போகிறது. கரையில் இருவரும் நிற்கிறார்கள். மஞ்சத்தலை கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். சுருட்டைத்தலை மெல்ல அவன் பின்னால் வருகிறான், குனிகிறான், அவனுக்கே தெரியாமல் அவன் காலில் இருக்கும் கயிற்றை அவிழ்க்கிறான். முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு. டப். கரண்ட் போய்விடும்.

ஒவ்வொரு தடவையும் அதே குனிதல், அதே சிரிப்பு, அதே டப். கயிறு இல்லாமல் பெரிய அலைக்குள் போனால் என்ன ஆகும் என்று படத்தில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அப்புறம் ஆளே கிடையாது. எனக்கு வேர்த்துப்போகும்.

மாமாவிடம் கேட்டேன். அவர் டப்பிங் படமே பார்க்க மாட்டார். “வாயி ஒண்ணு பேசுது, சத்தம் வேறொண்ணு பேசுது. அதை எவன் நம்புவான்?” என்பது அவர் கட்சி. ஆனால் நான் சொன்ன கதையைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

“மாப்ள, நம்மகிட்ட மல்லுக்கு நிக்கிறவனைக்கூட நம்பிரலாம். சிரிச்சுக்கிட்டே குனியிறான் பாரு, அவன்கிட்டதான் உஷாரா இருக்கணும்.”

கிரியின் பகுதியில் அந்த நேரத்தில் கரண்ட் இருக்கும். ஆகவே அவனுக்கு முடிவு தெரியும். திங்கட்கிழமை காலையில் போய்க் கேட்டேன்.

“சுறா வரும் மாப்ள,” என்றான்.

“சுறாவா?”

“ஆமா. இம்புட்டுப் பெருசு. ரெண்டு பேரும் சேந்து பலகையாலயே அடிச்சு வெரட்டுவாய்ங்க. அப்புறம் சேந்து கடை போடுவாய்ங்க.”

“என்ன கடை?”

கொஞ்சம் யோசித்தான். “பலகைக் கடை.”

அந்த யோசனைதான் என்னை உறுத்தியது. படத்தைப் பார்த்தவன் எதற்கு யோசிக்க வேண்டும்? அடுத்த வாரம் திரும்பவும் கேட்டேன். இந்தத் தடவை சுறாவோடு ஒரு ஹெலிகாப்டரும் வந்தது. பலகைக் கடை ஓட்டலாகிவிட்டது. கயிற்றை ஏன் அவிழ்த்தான் என்று மடக்கினால், “அது ஞாபகமில்ல மாப்ள” என்று வேறு பக்கம் பார்த்தான். அப்போதுதான் கவனித்தேன், கிரிக்கும் தலை சுருட்டைதான்.

சந்தேகம் வந்துவிட்டால் எங்கள் வம்சத்தில் அதைத் தூங்கவிட மாட்டோம். நேரிலேயே பார்த்துவிடுவது என்று ஒரு சனிக்கிழமை மாமாவின் பைக்கில் ஏறி கிரி வீட்டுக்கே போய் இறங்கினேன். வாசலில் என்னைக் கண்டதும் அவன் அம்மா உள்ளே திரும்பி அவர்கள் மொழியில் என்னவோ சொன்னார். கிரி அதே மொழியில் அவசரமாக என்னவோ பதில் சொன்னான். நடுவில் என் பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது. என் பெயர் மட்டும் புரிகிற பேச்சைப் போலச் சந்தேகத்துக்குரியது வேறொன்றுமில்லை. உள்ளே போனால், கட்டிலில் எதையோ பின்னிக்கொண்டிருந்த கிரி சட்டென்று அதைத் தலையணைக்கு அடியில் தள்ளினான். வண்ண வண்ணமாக வால் மட்டும் வெளியே தெரிந்தது. வீடு வேறு என்னவோ போல் இருந்தது. போன தடவை பீரோ இருந்த இடத்தில் சுவரில் பீரோ அளவுக்கு வெள்ளையாக ஒரு கட்டம். மூலையில் அட்டைப்பெட்டிகள். அவன் அம்மா ஒரு தட்டு நிறையப் புளியோதரை கொண்டுவந்து வைத்து, என் தலையைத் தடவி, “நல்லாச் சாப்பிடுய்யா” என்றார். இதற்கு முன் அவர் என் தலையைத் தடவியதே இல்லை. நான் கிரி முதல் வாய் வைக்கும் வரை காத்திருந்தேன்.

படம் ஓடியது. பெரிய அலை வரப்போகிறது. சுருட்டைத்தலை பின்னால் வருகிறான். குனிகிறான். நான் தட்டைக் கீழே வைத்தேன். திரை டப்பென்று இருண்டது.

“அடச்சே, கரண்ட் போயிருச்சு மாப்ள,” என்றான் டிவி பக்கத்தில் இருந்து கிரி.

நான் மேலே பார்த்தேன். மின்விசிறி ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவனும் மேலே பார்த்தான். இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிளக்கின் வயர் அவன் கையில் இருந்தது.

“ஃபேனு வேற லைனு,” என்றான்.

 துப்பறிகிறவன் தன் துருப்பைக் காட்டக் கூடாது என்று மாமா சொல்லியிருக்கிறார். புளியோதரையை மட்டும் முடித்துவிட்டு எழுந்தேன். சந்தேகம் வேறு, புளியோதரை வேறு.

இதற்கிடையில் ஐப்பசி மழை வெளுத்து வாங்கி, எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்துவிட்டது. கண்மாய் நிறைந்தால் மறுகால் பாயும். கரையில் ஒரு ஓரத்தில் கல்லால் கட்டிய கலிங்கு இருக்கிறது. மிஞ்சிய தண்ணீர் அதன் மேல் வழிந்து, சரிவில் இறங்கி, ஓடைக்குப் போகும். மறுகால் பார்க்க ஊரே திருவிழா மாதிரி வந்து நிற்கும். வலையும் கொசுவலையும் வேட்டியும் கொண்டுவந்து கெண்டை பிடிப்பார்கள். ஒரு சாயங்காலம் கிரியையும் கூட்டிப்போய்க் காட்டினேன். சந்தேகத்துக்குரியவனைக் கண் பார்வையிலேயே வைத்திருப்பது நல்லது என்ற எண்ணம்தான்.

அவன் மீனைப் பார்க்கவில்லை. சரிவில் வழுக்கிக்கொண்டு இறங்கும் தண்ணீர், அடியில் ஓடையில் முட்டிய இடத்தில் திமிறிக்கொண்டு மேலே எழும்பி நின்றது. இடுப்பளவு உயரம். பின்னாலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் அந்த மேடு மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

“மாப்ள,” என்றான் கிரி மெதுவாக. “அலைடா.”

ஆமாம். கடலில்லாத எங்கள் ஊரில், எங்கேயும் போகாமல் ஒரே இடத்தில் நின்று, எங்களுக்காகவே காத்திருக்கும் ஒரு அலை. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், எனக்கு அது அலை என்று தோன்றியதே இல்லை. கெண்டை என்றுதான் தோன்றியிருக்கிறது.

பலகைக்கு என்ன செய்வது என்று நான் கேட்பதற்குள் கிரி சொன்னான், “எங்க வீட்டு பாத்ரூம் கதவு இருக்கு. பிளாஸ்டிக்கு. சூப்பரா மெதக்கும். அம்மாட்ட கேட்டுட்டேன், எடுத்துக்கச் சொல்லிட்டாங்க.”

“கதவில்லாம எப்புடிடா குளிப்பீங்க?”

“போர்வையத் தொங்கவிட்டுக்கிருவோம். இனிமே அந்தக் கதவு தேவையில்ல.”

குளிக்கிற அறைக்குக் கதவு தேவைப்படாத வீடு எது என்று நான் அன்று முழுவதும் யோசித்தேன். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அதில் ஏதோ சதி இருந்தது. ஆனால் என்ன சதி என்றுதான் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமாவை மசியவைத்தோம். மாமா ஓட்ட, நடுவில் நான், பின்னால் கிரி. கதவை இருவரும் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டோம். வண்டியூரில் ஏறியதுமே அது காற்று வாங்கிப் பறக்கப் பார்த்தது. வளைவுகளில் பைக் ஒரு பக்கம் போக நினைத்தால் கதவு வேறு பக்கம் போக நினைத்தது. எங்களை முந்திய ஒரு லாரிக்காரர் தலையை நீட்டி, “தம்பி, அவசரத்துக்குக் கதவையும் கையோட கொண்டு போறீகளோ!” என்று கேட்டுவிட்டுப் போனார். உண்மையைச் சொன்னால், அன்றைய முதல் சறுக்கு தண்ணீரில் நடக்கவில்லை, பைபாஸ் ரோட்டில்தான் நடந்தது.

கலிங்கில் கூட்டம். கதவோடு வந்திறங்கிய எங்களைப் பார்த்து, வலை பிடித்திருந்த பெரியவர் ஒருவர், “என்னப்பா, கண்மாய்க்குக் கதவு போட வந்திகளா?” என்றார். மாமா, “சும்மா சயின்ஸு, பெரியப்பா” என்று சமாளித்தார்.

படத்தில் அவர்கள் சறுக்குவதற்கு முன்னால் பலகையின் மேல் எதையோ தேய்ப்பார்கள். அது கால் வழுக்காமல் இருக்கத் தேய்க்கும் ஒருவகை மெழுகு என்று இப்போது தெரியும். சறுக்குகிற பொருளின் மேல் தேய்ப்பது சறுக்குவதற்கான எண்ணெயாகத்தானே இருக்க முடியும் என்று அன்றைக்கு நாங்கள் ஆராய்ந்து முடிவெடுத்தோம். அம்மாவின் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கொண்டுபோயிருந்தேன். கதவின் இரண்டு பக்கமும் பளபளவென்று தேய்த்தோம். இன்னும் நன்றாகச் சறுக்கட்டும் என்று என் உள்ளங்காலிலும் கொஞ்சம் தடவிக்கொண்டேன்.

காலுக்குக் கயிறு வேண்டுமே. வீட்டிலிருந்து எடுத்துவந்த தேங்காய்நார்க் கயிற்றின் ஒரு முனையை என் கணுக்காலில் நானே கட்டினேன். முடிச்சை நானே போட்டு, நானே இழுத்துப் பார்த்து, மாமாவையும் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். மறுமுனை கதவின் கொண்டியில். கதவைக் கலிங்கின் விளிம்பில் பாதி தண்ணீரில் கிடத்தினோம். யார் முதலில் என்ற கேள்வி வந்தது.

கிரி ஒரு அடி பின்வாங்கினான்.

“இது உன் அலை மாப்ள.”

எப்போதும் சொல்வதுதான். ஆனால் அன்று கதவு அவனுடையது. அலையைக் கண்டுபிடித்தவன் அவன். பிறகு ஏன் எனக்கு? அலைக்குள் முதலில் யார் போய்ச் சாவது என்று பார்க்கிறானா? மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒரு கெண்டையை விலை பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு காலைக் கதவின் மேல் வைத்தேன். கீழே அலை உறுமிக்கொண்டு நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கணுக்காலில் என்னவோ ஊர்ந்தது.

குனிந்து பார்த்தேன். கிரி எனக்குப் பின்னால் குந்தியிருந்தான். என் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு.

அதே குனிதல். அதே சிரிப்பு. என் மண்டைக்குள் டப்பென்று கரண்ட் போனது.

காலைக் கோழி மாதிரி வெடுக்கென்று தூக்கினேன். தூக்கியது ஒரு கால். நின்ற கால் எண்ணெய்க் கதவின் மேல் இருந்தது, எண்ணெய் தடவிய காலாகவும் இருந்தது. அடுத்த நொடி நான் கதவின் மேல் உட்கார்ந்திருந்தேன், பின்பக்கமாக. அதற்கடுத்த நொடி கதவு கலிங்கைத் தாண்டிச் சரிவில் இறங்கியது.

அலையில் சறுக்கும்போது மனம் அமைதியடையும் என்று படத்தில் மஞ்சத்தலை சொல்வான். என் அனுபவம் வேறு. நான், “கொலை! கொலை!” என்று கத்திக்கொண்டே போனேன். சரிவின் அடியில் கதவு போய் அந்த அலையில் மோதியது. மோதிக் கவிழும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கவிழவில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீர் மேட்டின் மேல் ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றது. தண்ணீர் எனக்கு அடியில் பாய்ந்துகொண்டே இருந்தது. நான் எங்கேயும் போகவில்லை. கரையில் வலை பிடித்தவர்கள் வலையை விட்டுவிட்டு வாயைத் திறந்து நின்றார்கள். மதுரை ஜில்லாவில் அலையேறிய முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும். குளியலறைக் கதவில், முதுகைக் காட்டிக்கொண்டு, கொலை கொலை என்று கத்தியபடி ஏறியவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்பதில் சந்தேகமே இல்லை.

பிறகுதான் நான் ஏன் ஓடையோடு போகவில்லை என்று பார்த்தேன். என் கணுக்காலிலிருந்து ஒரு கயிறு விறைப்பாக மேலே போனது. என்னுடைய நார்க்கயிறு இல்லை. சிவப்பும் மஞ்சளும் ஊதாவும் கலந்து பின்னிய கயிறு. மறுமுனை கிரியின் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. அவன் கலிங்குக் கல்லின் மேல் குப்புற விழுந்து கிடந்தான். முழங்கை இரண்டும் கல்லில் உரசிச் சிவந்திருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தானே தவிரக் கயிற்றை விடவில்லை. “மாமா! மாமா!” என்று அவன் போட்ட சத்தத்தில்தான் மாமா கெண்டையை எறிந்துவிட்டு, உடுத்தியிருந்த பேண்டோடு ஓடையில் குதித்தார். இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் அந்த இடத்தில் விழுந்தவனை அது எழவிடாது என்று அந்தப் பெரியவர் அப்புறம் மாமாவின் மானத்தை வாங்கினார். மாமா என்னைக் காதைப் பிடித்து அலையிலிருந்து இறக்கினார். கதவு மட்டும் ஓடையோடு போனது. அது இந்நேரம் வைகையைப் பிடித்து ஏதாவது ஒரு கடலைச் சேர்ந்திருக்கும்.

கரையில் உட்கார்ந்து நான் நடுங்கிக்கொண்டிருந்தபோது கிரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முழங்கையில் எச்சிலைத் தொட்டு வைத்துக்கொண்டே கேட்டான்:

“எப்புடி இருந்துச்சு மாப்ள?”

“எதுக்குடா என் முடிச்ச அவுத்த?”

“அது நார்க்கயிறுல்ல, ஊறுனா விட்ரும். இது நான் பின்னுனது. சுங்குடிக்கு முடிச்சுப் போடுற நூலு. உள்ள நைலான் வச்சுருக்கேன். மொதல்ல இதக் கட்டிட்டுத்தான் அத அவுத்தேன், மறுமுனையக் கொண்டியில கட்டுறதுக்குள்ள நீ காலத் தூக்கிட்ட. உனக்குன்னுதான் பின்னுனேன். நீ வச்சுக்க.”

“உனக்கு?”

“எனக்கு அங்க போயி பாத்துக்கிறேன்.”

“எங்க?”

“சும்மா சொன்னேன் மாப்ள.” ஓடையைப் பார்த்துக்கொண்டே மறுபடி கேட்டான், “சொல்லு, மேல நிக்கிறப்ப எப்புடி இருந்துச்சு?”

நான் சொல்லவில்லை. அவன் எதற்கோ வாக்குமூலம் வாங்குகிறான் என்று பட்டது. கயிற்றை மட்டும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அதன் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையில் தண்ணீர் நிறைந்த குடத்தைத் தொங்கவிட்டுச் சோதித்தேன். அறவில்லை. அறாததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பிறகு அம்மா அதைத் துணி காயப்போடக் கட்டிக்கொண்டாள். சாயம் ஒட்டுகிறதா என்று முதலில் ஒரு பழைய துண்டைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான்.

அந்தப் படத்தின் முடிவை நான் பார்த்தது பல வருடம் கழித்து, கல்லூரி விடுதியில், அறைத்தோழன் ஒருவனின் செல்போனில். டவர் கிடைக்காமல் படம் சுற்றிச் சுற்றி நிற்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குப் பழைய நடுக்கம் வந்தது. சுருட்டைத்தலை குனிகிறான். அவிழ்க்கிறான். அவிழ்த்துவிட்டு, தன் காலில் இருந்த கயிற்றைக் கழற்றி நண்பன் காலில் கட்டுகிறான். தன்னுடைய நல்ல பலகையை அவன் பக்கம் தள்ளிவிடுகிறான். “இது உன் அலை, நண்பா.” மஞ்சத்தலை பெரிய அலையில் ஏறிச் சறுக்கி, கரையைத் திரும்பிப் பார்க்கும்போது அங்கே யாரும் இல்லை. சுருட்டைத்தலையின் குடும்பம் வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டது. கடைசிக் காட்சியில் மஞ்சத்தலை கடலில் பலகை மேல் தனியாக உட்கார்ந்து அலைக்குக் காத்திருக்கிறான். பக்கத்தில் இன்னொரு பலகைக்கு இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான் படம். சுறா இல்லை. ஹெலிகாப்டர் இல்லை. கடையும் இல்லை.

அறைத்தோழன், “இதுக்கா இம்புட்டு நேரம் உக்காந்து பாத்த?” என்று கேட்டான்.

ஆனால் இதெல்லாம் பிற்பாடு. ஏழாம் வகுப்பில், கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில், கிரி வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அவன் அப்பா சென்னையில் கடை பார்க்கப் போகிறார், பழைய வீட்டை வாங்கியவர் இடித்துவிட்டுத்தான் கட்டப்போகிறார் என்று அன்றுதான் எனக்குச் சொன்னார்கள். மாமா என்னை பைக்கில் கூட்டிப்போயிருந்தார். அட்டைப்பெட்டிகளெல்லாம் ஏறிவிட்டன. டிவி கடைசியாக ஏறியது. அவன் அம்மா மறுபடியும் என் தலையைத் தடவினார். கிரி வேனின் பின்பக்கம் பெட்டிகளுக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தான்.

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி இருந்தது. வேன் கிளம்புவதற்குள் அதை வாங்கிவிட வேண்டும் என்று கிட்டே போனேன்.

“டேய், இப்பவாச்சும் உண்மையச் சொல்லு. கடைசியில என்ன ஆகும்?”

அவன் என்னைப் பார்த்தான். வேனின் கம்பியைப் பிடித்திருந்த கையின் முழங்கையில் காயம் ஆறிக் கறுத்திருந்தது.

“சுறா வரும் மாப்ள,” என்றான். “ரெண்டு பேரும் சேந்து வெரட்டுவாய்ங்க. அப்புறம் சேந்தே இருப்பாய்ங்க.”

வேன் தெப்பக்குளத்து முக்கில் திரும்பும் வரை அவன் கையை ஆட்டிக்கொண்டே போனான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும் வழியில் மாமாவின் முதுகுக்குப் பின்னால் இருந்து பொருமித் தீர்த்தேன். “பாத்தீங்களா மாமா? ஊரவிட்டுப் போற நேரத்துலகூடப் புளுகிட்டுப் போறான். சுறாவாம்ல!”

எதையும் நம்பாத மாமா, பாலத்தில் ஏறும்போதுதான் வாயைத் திறந்தார்.

“வரும்டா மாப்ள. சுறா வரும்.”

நான் அவர் முதுகையே முறைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். டப்பிங் படமே பார்க்காத மனுசனுக்கு அது எப்படித் தெரியும்? அவரும் கூட்டு என்பது எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.